பாக்கு நீரிணையும் நீர்மூழ்கிக் கப்பலும்: இரு உலகப் போர்களுக்கிடையே ஒரு கடற்சட்டத்தின் கதை

1914ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆம் திகதி கடற்போர் வரலாற்றில் ஒரே நாளில் இரு சம்பவங்கள் நிகழ்ந்தன. அன்று காலை வடகடலில், ஒல்லாந்துக் கரைக்கு அப்பால், ஜேர்மனியின் யு-9 என்னும் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றரை மணி நேரத்துக்குள் அபூக்கீர், ஹோக், கிரெஸ்ஸி ஆகிய மூன்று பிரித்தானியக் குரூசர்களை மூழ்கடித்தது. 1,459 பேர் மாண்டனர். தாக்கிய கப்பலில் இருந்தவர்களோ முப்பது பேருக்கும் குறைவு. அதே நாள் இரவு வங்காள விரிகுடாவில் எம்டன் என்ற ஜேர்மன் குரூசர் சென்னைத் துறைமுகத்தை அணுகி, பர்மா எண்ணெய்க் கம்பனியின் தாங்கிகள் மீது குண்டுகளைப் பொழிந்துவிட்டு இருளில் மறைந்தது.

எம்டனை நாம் இன்றும் மறக்கவில்லை. "அவன் பெரிய எம்டன்" என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். யு-9இன் பெயரோ எமது பேச்சுவழக்கில் ஒட்டவில்லை. எனினும் அந்நாளின் இரு சம்பவங்களுள் எதிர்காலத்தைச் சுட்டிநின்றது வடகடலில் நிகழ்ந்ததே. எம்டனின் தளபதி கார்ல் வொன் முல்லர் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களைப் பிடித்தார்; அவற்றுட் பலவற்றைக் கொழும்புக்கும் மினிக்கோய்த் தீவுக்கும் அருகே மூழ்கடித்தார். ஆனால், ஒவ்வொரு கப்பலையும் மூழ்கடிக்கு முன் அதிலிருந்த மாலுமிகளை இறக்கி, தாம் பிடித்த வேறொரு கப்பலில் ஏற்றிப் பத்திரமாகத் துறைமுகத்துக்கு அனுப்பிவைத்தார். பகைவரான பிரித்தானியரின் பத்திரிகைகளே அவரை மெச்சி எழுதின. அவருடைய நற்குணம் ஒருபுறமிருக்க, கடலில் வணிகக் கப்பலைப் பிடிப்பதற்கெனப் பல நூற்றாண்டுகளாக நிலவிவந்த சட்டமும் அதுவே. கப்பலை நிறுத்தச் சொல்ல வேண்டும். ஏறிச் சோதிக்க வேண்டும். மூழ்கடிப்பதானால் முதலில் பயணிகளையும் மாலுமிகளையும் கப்பலின் ஆவணங்களையும் பாதுகாப்பான இடத்திற் சேர்க்க வேண்டும்.

நீர்மூழ்கிக் கப்பல் இச்சட்டத்தை எவ்வாறு கைக்கொள்ளும்? இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் உலகின் கடற்படை வல்லரசுகள் மேசையைச் சுற்றியிருந்து மீண்டும் மீண்டும் எழுப்பிய கேள்வி இதுவாகும். கேட்டவர்களுக்கு விடை தெரிந்தேயிருந்தது. அதனாற்றான் இக்கதையை இன்று திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த விடைக்கான விலையைச் செலுத்தியவர்களுள் பெருந்தொகையினர் இந்து சமுத்திரத்துக் கரைகளைச் சேர்ந்த ஏழைக் கடலோடிகள்.

நீர்மூழ்கிக் கப்பலின் ஆரம்ப வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் ஐரிஷ்காரரான ஜோன் ஹொலண்டிலிருந்து தொடங்குவர். 1900ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படை விலைக்கு வாங்கியது அவர் அமைத்த கலத்தையே. மறு ஆண்டிலேயே பிரித்தானியாவும் அவருடைய வடிவமைப்பில் முதற் கலத்தைக் கட்டி நீரில் இறக்கியது. இதற்கு முன்னரே உஸ்மானியப் பேரரசு நீர்மூழ்கிக் கப்பல்களை வைத்திருந்தது என்பதைப் பலர் அறியார். கிரேக்கம் ஒன்றை வாங்கிவிட்டது எனக் கேள்வியுற்ற சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத், சுவீடனைச் சேர்ந்த ஆயுத வியாபாரி நோர்டன்ஃபெல்டிடம் இரண்டைக் கேட்டு வாங்கினார். அவற்றை வடிவமைத்தவர் ஜோர்ஜ் கரெட் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். இங்கிலாந்திலே செய்யப்பட்ட பாகங்கள் கப்பலில் இஸ்தான்புல்லுக்கு அனுப்பப்பட்டு, பொற்கொம்புக் குடாவின் கடற்படைத் தளத்திற் பொருத்தப்பட்டன. 'அப்துல் ஹமீத்' 1886இல் நீரிலிறங்கியது. 'அப்துல் மஜீத்' அதனைத் தொடர்ந்தது. நீருக்கடியில் இருந்தவாறே டோர்பிடோவைச் செலுத்திய முதற் கப்பல் என்ற பெருமை 'அப்துல் ஹமீத்'துக்கு உரியது. அதற்கு மேல் அதனாற் பயன் விளையவில்லை. நீராவியால் இயங்கிய அக்கலம் மூழ்கும் முன் அடுப்பை அணைத்து, கொதிகலனிற் சேமித்த வெப்பத்தைக் கொண்டே நகர வேண்டியிருந்தது. நீருக்குள் நிலை தளர்ந்து மூக்குக் குத்தியது. கொட்டகையிற் கிடந்து துருப்பிடித்தது.

டீசல் இயந்திரமும் மின்கலமும் சேர்ந்த பின்னரே நீர்மூழ்கி முறையான போர்க்கருவியாயிற்று. நீரின் மேல் டீசலில் ஓடும்போது மின்கலங்கள் மின்னூட்டப்படும். மூழ்கியதும் மின்சார மோட்டார்கள் அதனை நகர்த்தும். பக்கத் தாங்கிகளிற் கடல்நீரை நிரப்பினால் கப்பல் அமிழும். அழுத்திய காற்றால் அந்நீரை வெளித்தள்ளினால் மேலெழும். கேட்பதற்கு எளிது. ஆனால் மின்கலத்தின் ஆற்றல் குறுகியது. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனி பெருந்தொகையாகக் கட்டிய ஏழாம் வகைக் கப்பல் நீரின் மேல் மணிக்கு 17 கடல் மைல் வேகத்தில் ஓடியது. நீருக்குள் அதன் உச்ச வேகம் ஏழரை மைல் மட்டுமே. மணிக்கு நான்கு மைல் வீதம் ஊர்ந்தாலும் எண்பது மைலில் மின்கலம் வற்றிவிடும். எனவே, அக்காலத்து நீர்மூழ்கி எந்நேரமும் ஆழத்தில் வாழும் கலம் அன்று. தேவைப்படும்போது மட்டும் மூழ்கத் தெரிந்த ஒரு சிறு டோர்பிடோப் படகு என்பதே பொருத்தம். இந்த உண்மையைப் பின்னர் ஒருவர் நன்கு பயன்படுத்திக்கொண்டார்.

முதலாம் உலகப் போரின்போது, 1917 பெப்ரவரி முதல் ஜேர்மனி எச்சரிக்கையின்றி எல்லாக் கப்பல்களையும் மூழ்கடிக்கத் தொடங்கியது. அவ்வாண்டு ஏப்ரலில் மட்டும் ஏறத்தாழ எட்டரை இலட்சம் தொன் கப்பல்கள் கடலுக்கடியிற் போயின. கடல்வழி வரும் தானியத்தில் உயிர்வாழும் பிரித்தானியத் தீவு பஞ்சத்தின் வாயிலில் நின்றது. போர்க்கப்பற் காவலுடன் வணிகக் கப்பல்களைக் கூட்டமாக அனுப்பும் முறையே அதனைக் காப்பாற்றியது.

ஆகவே, போர் முடிந்ததும் 1919இல் எழுதப்பட்ட வேர்சாய் உடன்படிக்கையின் 191ஆவது உறுப்புரை, வணிகத் தேவைக்காகவேனும் ஜேர்மனி ஒரு நீர்மூழ்கியையும் கட்டவோ வாங்கவோ கூடாதெனத் தடுத்தது. 1921 நவம்பரில் வாஷிங்டனிற் கூடிய கடற்படை மாநாட்டில், உலகிலிருந்தே இக்கருவியை ஒழித்துவிட வேண்டும் என்று பிரித்தானியா வாதாடியது. இது மனிதாபிமானத்தால் எழுந்த வாதமா? உலகின் மிகப் பெரிய வணிகக் கப்பற் கூட்டத்தையும் மிகப் பெரிய போர்க்கப்பற் கூட்டத்தையும் வைத்திருந்த ஒரு நாடு, அவை இரண்டையும் மிகக் குறைந்த செலவில் அழிக்கக்கூடிய ஆயுதத்தை வெறுத்ததில் வியப்பில்லை. பிரான்ஸ் எதிர்த்தது. பெரிய கடற்படை வைத்திருக்க வசதியற்ற நாட்டின் ஆயுதம் இது என்றது. தனக்குத் தொண்ணூறாயிரம் தொன் நீர்மூழ்கிகள் வேண்டும் என்றது. ஏழைகளுக்காகப் பேசிய அந்நாடே அல்ஜீரியாவையும் இந்தோசீனாவையும் ஆண்டுகொண்டிருந்தது.

வாஷிங்டனிற் கைச்சாத்தான ஒப்பந்தம் பெரும் போர்க்கப்பல்களை எண்ணிப் பங்கிட்டது. பிரித்தானியா, அமெரிக்கா, ஜப்பான் ஆகியவற்றுக்கு 5:5:3 என்ற விகிதம்; எந்தப் போர்க்கப்பலும் 35,000 தொன்னுக்கு மேற்படலாகாது. நீர்மூழ்கிகளின் தொகைக்கு எல்லையே விதிக்கப்படவில்லை. அவை வணிகக் கப்பல்களைப் பழைய சட்டப்படியே நடத்த வேண்டும் என்று 1922 பெப்ரவரியில் தனியாக எழுதப்பட்ட உடன்படிக்கையைப் பிரான்ஸ் ஏற்று உறுதிப்படுத்தாமையால் அது நடைமுறைக்கு வரவில்லை.

இதே காலத்திற்றான் எமது தீவில் ஒரு மாற்றம் ஏற்பட்டது. பிரித்தானியப் போர்க்கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியிருந்தன. ஜப்பானுடன் போர் மூண்டால் ஐரோப்பாவிலிருந்து முழுக் கடற்படையையும் சிங்கப்பூருக்கு அனுப்புவது என்பதே லண்டனின் திட்டம். ஆனால், கப்பல்கள் வழியில் எண்ணெய் நிரப்ப வேண்டுமே. அவ்வழியில் அமைந்த எண்ணெய்ச் சேமிப்பிடங்களுட் பெரியது திருகோணமலை. சீனன்குடாவின் காட்டை வெட்டி, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும் நூறு அளவிலான இராட்சதத் தாங்கிகளை எழுப்பினார்கள். திருகோணமலைத் துறைமுகத்தின் வாயிலிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கி ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்துக்கு இறங்குகிறது. மிகப் பெரிய போர்க்கப்பலும் நீர்மூழ்கியும் தயக்கமின்றி வந்துபோகலாம்.

அங்கிருந்து வடக்கே, யாழ். குடாநாட்டின் மேற்குக் கடல் இதற்கு நேர்மாறானது. பாக்கு விரிகுடாவின் பெரும்பகுதியில் ஆழம் 15 மீற்றருக்கும் குறைவு. இராமர் அணைப் பகுதியிற் சில இடங்களில் ஆளின் இடுப்பளவே நீர். ஏழாம் வகை நீர்மூழ்கியின் உயரமோ அடியிலிருந்து கோபுரம் வரை ஒன்பதரை மீற்றருக்கு மேல். அது இங்கு மூழ்கினாலும் மறைய முடியாது. மேலே பறக்கும் விமானத்துக்கு அதன் நிழல் தெரியும். வல்லரசுகளின் கடற்படை வரைபடங்களில் எமது கடல் வெற்றிடமாகவே இருந்தது. அந்த வெற்றிடத்திலே பாய்க்கப்பல்கள் ஓடின.

அவற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வல்வெட்டித்துறையிலும் ஊர்காவற்றுறையிலும் இருந்த கப்பல்கள் நாகபட்டினம், கொச்சி, கொழும்பு மட்டுமன்றி வங்கக் கடலைக் குறுக்கறுத்து அக்கியாப், இரங்கூன் வரை சென்றன. புகையிலையும் பிற சரக்கும் கொண்டு சென்று, அரிசியும் தேக்கும் ஓடும் ஏற்றிவந்தன. வேப்ப மரத்தையும் இலுப்பையையும் வளைவறிந்து தேர்ந்து, எழுதிய வரைபடம் இல்லாமலே கப்பல் கட்டிய மேத்திரிமார் வல்வெட்டித்துறையில் இருந்தார்கள். நட்சத்திரமும் காற்றும் அறிந்த தண்டையல்மார் அவற்றைச் செலுத்தினார்கள். காரைக்கால், நாகூர், கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய ஊர்களின் மரக்காயர் கப்பல்களும் இதே நீர்வழிகளைப் பகிர்ந்துகொண்டன. புயல், சுங்கம், கடன் என்ற மூன்றுமே இவர்கள் அஞ்சிய பகைகள்.

1930களில் இங்கு கட்டப்பட்டு ஓடிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். முப்பத்திரண்டு அடிப் படகில் உலகைச் சுற்றிவந்து பெயர் பெற்றவர் அவர். ஏறத்தாழ 89 அடி நீளமான அக்கப்பலுக்குத் தம் மனைவியின் பெயரைச் சூட்டி, 'ஃபுளோரன்ஸ் சி. ரொபின்சன்' என்றாக்கினார். தண்டையல் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறைக் கடலோடிகளும் அதனைக் கொழும்பிலிருந்து சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், பெர்முடா வழியாகச் செலுத்தி, 1938 ஓகஸ்டில் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் குளோசெஸ்டர் துறைமுகத்திற் சேர்ப்பித்தனர். சாரமுடுத்திய அம்மனிதர்களை அமெரிக்கப் பத்திரிகைகள் படம்பிடித்துப் போட்டன. எமது ஊர்களில் இப்பயணம் இன்றும் பெருமையுடன் பேசப்படுகிறது. அவர்கள் கடந்து சென்ற மத்தியதரைக் கடலின் நிலையோ எவரும் அதிகம் பேசாத ஒன்று. ஸ்பானிய உள்நாட்டுப் போரின் மறைவில், 1937இல் இத்தாலிய நீர்மூழ்கிகள் தம் அடையாளத்தை ஒளித்துக்கொண்டு அங்கு வணிகக் கப்பல்களைத் தாக்கின. அவ்வாண்டு செப்டெம்பரில் நியோன் நகரிற் கூடிய நாடுகள் அதனைக் கடற்கொள்ளை எனக் கண்டித்துக் காவற்கப்பல்களை அனுப்பின. பழைய யுகத்தின் கடைசிக் கப்பல்களுள் ஒன்று புதிய யுகத்தின் ஒத்திகைக் களத்தினூடே போயிருக்கிறது.

ஒத்திகை ஜேர்மனியிலும் நடந்துகொண்டிருந்தது. கட்டக் கூடாது என்றுதானே தடை. வரையக் கூடாது என்று எவரும் சொல்லவில்லை. 1922இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஜேர்மன் கப்பற்றளங்களின் பணத்தில் ஒரு வடிவமைப்பு அலுவலகம் திறக்கப்பட்டது. அதன் முதல் வாடிக்கையாளருள் ஒன்று புதிய துருக்கிக் குடியரசு. ரொட்டர்டாமிற் கட்டப்பட்டு 1927இல் நீரிலிறங்கிய இரு துருக்கிய நீர்மூழ்கிகளும் பழைய ஜேர்மன் வரைபடத்தின் பிள்ளைகளே. ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்தில் வெள்ளோட்டம் பார்க்கப்பட்ட மற்றொன்று பின்னர் துருக்கிக்கு விற்கப்பட்டு 'கூர்' என்ற பெயர் பெற்றது. பின்லாந்திற் கட்டிய 'வெசிக்கோ' இன்றும் ஹெல்சிங்கியில் அருங்காட்சியகமாக நிற்கிறது. வாங்கிய நாடுகளுக்குக் கப்பல் கிடைத்தது. ஜேர்மனிக்கு அனுபவம் கிடைத்தது. 1935 ஜூன் 18ஆம் திகதி பிரித்தானியா, தன்னுடைய நீர்மூழ்கிகளின் தொன்னளவில் 45 சதவீதம் வரை ஜேர்மனி வைத்திருக்கலாம் என ஒப்பந்தம் செய்தது. ஹிட்லரின் முதல் நீர்மூழ்கியான யு-1 அதற்கு மூன்று நாட்களுக்கு முன்னரே கடலில் மிதந்துகொண்டிருந்தது. உதிரிப் பாகங்கள் எத்தனை மாதங்களாகக் கிடங்கிற் காத்திருந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

பிரித்தானியா ஏன் இணங்கியது? 'அஸ்டிக்' என்ற கருவியில் அதற்கிருந்த நம்பிக்கை ஒரு முக்கிய காரணம். நீருக்குள் ஒலியலையை அனுப்பி, எதிரொலியைக் கொண்டு மறைந்திருக்கும் கலத்தைக் கண்டறியும் இக்கருவி பிற்காலத்திற் 'சோனார்' எனப்பட்டது. இனி நீர்மூழ்கி ஓர் அச்சுறுத்தலே அல்ல என்று கடற்படைத் தலைமை எண்ணியது. ஆனால், மூழ்கியிருக்கும் கப்பலைக் கேட்ட அஸ்டிக், நீரின் மேல் மிதக்கும் கப்பலைக் கேட்கவில்லை. 1935இல் புதிய ஜேர்மன் நீர்மூழ்கி அணிக்குத் தலைவரான கார்ல் டோனிட்ஸ் முதலாம் போரில் இக்கலங்களைச் செலுத்திப் பிடிபட்டவர். இரவில், நீரின் மேல், கூட்டமாகத் தாக்குவது என்று அவர் முடிவுசெய்தார். மூழ்கத் தெரிந்த டோர்பிடோப் படகு என மேலே சொன்னதன் பயன் இதுதான்.

ஏனைய நாடுகளின் சோதனைகள் சில நகைப்புக்கிடமானவை. பிரித்தானியா ஒரு நீர்மூழ்கியிற் பன்னிரண்டு அங்குலப் பீரங்கியையும் மற்றொன்றில் விமானத்தையும் ஏற்றியது. முன்னது 1925இலும் பின்னது 1932இலும் ஆட்களோடு மூழ்கின. பிரான்சின் 'சர்கூஃப்' எட்டங்குலப் பீரங்கிகளைச் சுமந்து திரிந்து 1942இல் மறைந்தது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1930 ஏப்ரலில் லண்டன் ஒப்பந்தம் நீர்மூழ்கிகளுக்கும் எல்லை வகுத்தது: பிரித்தானியா, அமெரிக்கா, ஜப்பான் ஒவ்வொன்றுக்கும் 52,700 தொன். அதே ஒப்பந்தத்தின் 22ஆவது உறுப்புரை, நீர்மூழ்கிகளும் மேற்பரப்புக் கப்பல்களுக்குரிய விதிகளுக்கே கட்டுப்பட்டவை என்றது. நிற்க மறுத்தாலோ எதிர்த்தாலோ அன்றி, பயணிகளையும் மாலுமிகளையும் ஆவணங்களையும் பாதுகாப்பான இடத்திற் சேர்க்காமல் எந்த வணிகக் கப்பலையும் மூழ்கடிக்கக் கூடாது. நடுக்கடலில் உயிர்காப்புப் படகு 'பாதுகாப்பான இடம்' ஆகாது என்றும் அது விளக்கியது. 1936 நவம்பர் 6ஆம் திகதி இவ்விதி தனி நெறிமுறையாக எழுதப்பட்டு உலக நாடுகள் அனைத்துக்கும் திறந்துவைக்கப்பட்டது. ஜேர்மனி அம்மாதமே அதில் இணைந்துகொண்டது.

நாற்பத்து நான்கு பேர் ஒருவர் எழுந்த படுக்கையில் மற்றவர் உறங்கும் ஒரு குழாய்க்குள், மூழ்கடித்த கப்பலின் எண்பது மாலுமிகளை எங்கே ஏற்றுவது? கைச்சாத்திட்ட ஒவ்வொருவரும் இதனை அறிவர். அப்படியானால் ஒன்றில் நீர்மூழ்கியை வணிகக் கப்பல் மீது ஏவாதிருக்க வேண்டும். அல்லது இவ்விதியை மீற வேண்டும். முன்னதற்கு எவரும் ஆயத்தமாக இல்லை. வணிகக் கப்பல்களில் பீரங்கி பூட்டுவதும் நீர்மூழ்கியைக் கண்டவுடன் கம்பியில்லாத் தந்தியில் அறிவிக்கச் சொல்வதும் பிரித்தானியாவின் ஆயத்தங்களுள் அடங்கின. அவ்வாறு செய்த கப்பல் 'அப்பாவி' என்ற தகுதியை இழந்துவிட்டது என ஜேர்மனி வாதிட இடமுண்டாயிற்று.

1939 செப்டெம்பர் 3ஆம் திகதி போர் அறிவிக்கப்பட்டது. அன்று மாலையே 'அதீனியா' என்ற பயணிகள் கப்பல் எச்சரிக்கையின்றித் தாக்கப்பட்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஜேர்மனியிடம் அப்போது இருந்தவை 57 நீர்மூழ்கிகள் மட்டுமே. போர் முடிவதற்குள் அவை ஆயிரத்துக்கு மேலாகப் பெருகின. ஏறத்தாழ 2,800 வணிகக் கப்பல்களை மூழ்கடித்தன. அவற்றிற் சென்ற நாற்பதாயிரம் ஜேர்மனியரில் ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் திரும்பவில்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

மூழ்கிய கப்பல்களின் இயந்திர அறைகளில் இருந்தவர்கள் யார்? பிரித்தானிய வணிகக் கப்பல்களில் நான்கில் ஒருவர் அளவுக்கு 'லஸ்கர்' எனப்பட்ட இந்தியக் கடலோடிகள். மேற்றளத்தில் குஜராத், இரத்தினகிரிக் கரையினர்; கீழே கொதிகலன் அறையில் சில்ஹட், பஞ்சாப் முஸ்லிம்கள். டோர்பிடோ முதலில் உடைப்பது அந்தக் கீழறையைத்தான். 1940 செப்டெம்பரில் அத்திலாந்திக்கில் 'சிற்றி ஒஃப் பெனாரஸ்' மூழ்கியபோது கனடாவுக்கு அனுப்பப்பட்ட 77 பிரித்தானியக் குழந்தைகள் மாண்டதை உலகம் அறியும். அதே இரவில் அதே கப்பலில் இறந்த நூறளவிலான லஸ்கர்களின் பெயர்களைத் தேடிப் படிப்பவர் சிலரே.

போர் எமது கடலுக்கும் வந்தது. 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கிகள் வங்காள விரிகுடாவில் நுழைந்தன. சிந்தியா என்ற சுதேசிக் கப்பற் கம்பனியின் 'ஜலதரங்', 'ஜலபாலகா' என்ற கப்பல்கள் அம்மாத இறுதியில் சென்னைக்குக் கிழக்கே மூழ்கடிக்கப்பட்டன. பெப்ரவரி 15இற் சிங்கப்பூரும், மார்ச்சில் இரங்கூனும் வீழ்ந்தன. திருகோணமலைத் தாங்கிகள் எந்தத் திட்டத்துக்காகக் கட்டப்பட்டனவோ அத்திட்டமே அழிந்துபோயிற்று. பர்மா அரிசியில் வாழ்ந்த இலங்கைக்கு அரிசி நின்றது. பங்கீட்டு அட்டை வந்தது. ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹேர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் 307 பேருடன் மூழ்கியது. தொடக்கத்திலிருந்தே விமானந்தாங்கியாக வடிவமைக்கப்பட்டு 1924இற் சேவைக்கு வந்த அக்கப்பல், இடைக்காலக் கடற்படைச் சிந்தனையின் முன்மாதிரிகளுள் ஒன்று. தாக்குதல் நேரத்தில் அதில் ஒரு விமானங்கூட இருக்கவில்லை.

அவ்வாண்டு நவம்பர் 23ஆம் திகதி பம்பாயிலிருந்து மொம்பாசா நோக்கிச் சென்ற 'திலாவா' என்ற பயணிகள் கப்பலை ஐ-29 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி இருமுறை தாக்கி மூழ்கடித்தது. கிழக்கு ஆபிரிக்காவுக்குக் குடும்பமாகச் சென்றுகொண்டிருந்த இந்துக்களும் முஸ்லிம்களுமாக 280 பேர் இறந்தனர். ஐந்து மாதங்களின் பின், 1943 ஏப்ரல் இறுதியில், மடகாஸ்கருக்கு அப்பால் கொந்தளிக்கும் கடலில், யு-180 என்ற ஜேர்மன் நீர்மூழ்கியிலிருந்து இறப்பர் மிதவையில் இருவர் மற்றொரு நீர்மூழ்கிக்கு மாறினர். ஒருவர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ். மற்றவர் அவருடைய செயலாளர், ஹைதராபாத்தைச் சேர்ந்த ஆபித் ஹசன். அவர்களை ஏற்றிக்கொண்டது அதே ஐ-29. மலாயாத் தமிழர் பல்லாயிரவரைப் படையிற் சேர்த்த தலைவரைக் கொண்டுவந்ததும், பம்பாய்ப் பயணிகளைக் கடலில் அமிழ்த்தியதும் ஒரே கலம். இவற்றுள் ஒன்றை மட்டும் நினைவிற் கொள்வது எளிது.

போஸ் வருவதற்கு முன்பே, 1942 செப்டெம்பரில், வக்கம் அப்துல் காதர் என்ற கேரள இளைஞரும் தோழர்களும் பினாங்கிலிருந்து ஜப்பானிய நீர்மூழ்கியில் வந்து மலபாரின் தானூர்க் கரையில் இறங்கினர். விரைவிற் பிடிபட்டனர். 1943 செப்டெம்பர் 10ஆம் திகதி சென்னைச் சிறையில் அப்துல் காதர் தூக்கிலிடப்பட்டார். அவருடன் ஆனந்தன், சத்தியேந்திர பர்தன், ஃபவுஜா சிங் ஆகியோரும் தூக்கு மேடையேறினர்.

சட்டத்தின் கதை மாலைதீவுக்கருகே, 1944 பெப்ரவரி 12இல், அதன் உச்சத்தைத் தொட்டது. மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த 'கெதீவ் இஸ்மாயில்' என்ற துருப்புக் கப்பலை ஐ-27 தாக்கியது. சில நிமிடங்களில் கப்பல் அமிழ்ந்தது. கிழக்கு ஆபிரிக்கப் பீரங்கிப் படையினர், தாதியர், மாலுமிகள் என 1,297 பேர் மாண்டனர். நீர்மூழ்கியோ, நீந்திக்கொண்டிருந்தவர்களுக்குக் கீழேயே மறைந்திருந்தது. காவற்கப்பல்கள் ஆழ்குண்டுகளை அவர்கள் நடுவே வீசின. ஐ-27 இறுதியில் அழிக்கப்பட்டது. அன்று அக்குண்டுகளை வீசச் சொன்ன அதிகாரியின் இடத்தில் இருந்திருந்தால் நாம் என்ன செய்திருப்போம் என்ற கேள்விக்கு எந்த நெறிமுறையிலும் விடை எழுதப்படவில்லை.

எதிர்த்தரப்பின் கதையையும் மறைக்கலாகாது. 1943 பிற்பகுதியிலிருந்து பிரித்தானிய நீர்மூழ்கிகள் இலங்கைக்கு வந்தன; 'அடமன்ட்', 'மெய்ட்ஸ்டன்' என்ற தாய்க்கப்பல்கள் திருகோணமலையில் நங்கூரமிட்டன. அங்கிருந்து மலாக்கா நீரிணைக்குச் சென்றவை ஐ-34ஐயும் 'குமா' என்ற குரூசரையும் மூழ்கடித்தன. பெரிய இலக்குகள் தீர்ந்த பின், 1944, 45ஆம் ஆண்டுகளில், அவற்றின் பீரங்கிகள் திரும்பியது அரிசியும் இறப்பரும் ஏற்றிய சீனச் சங்குக் கப்பல்கள் மீதும் மலாய்ப் பாய்க்கப்பல்கள் மீதுமாகும். சிலவேளைகளில் மாலுமிகளை இறக்கிய பின் சுட்டனர். எப்போதும் அப்படி இயலவில்லை. மரத்தால் ஆன, காற்றால் ஓடிய, எழுபது தொன்னும் நூறு தொன்னுமான அக்கப்பல்கள் வல்வெட்டித்துறைக் கப்பலுக்குச் சகோதரங்கள். எமது துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கலங்களே அவற்றை அழித்தன.

குடாநாட்டிலும் போர் தன் தடத்தைப் பதித்தது. பலாலியிற் பிரித்தானிய வான்படை அமைத்த ஓடுபாதையிலிருந்து கடற்காவல் விமானங்கள் பறந்தன. அத்திலாந்திக்கில் நீர்மூழ்கியை இறுதியில் மடக்கியது இத்தகைய நெடுந்தூர விமானமும் ராடாரும் சேர்ந்தே. அஸ்டிக் தனித்து அதைச் சாதிக்கவில்லை. அந்த ஓடுபாதையே பின்னர் வேறு போர்களுக்குப் பயன்பட்டு, 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையம் எனப் பெயர் மாறியது.

1946இல் நூரம்பேர்க் நீதிமன்றம் டோனிட்ஸுக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. 1936ஆம் ஆண்டு நெறிமுறையை அவர் மீறினார் என நீதிபதிகள் கண்டனர். ஆயினும், அக்குற்றத்துக்காகத் தண்டனையின் அளவைத் தீர்மானிக்கவில்லை என்றும் எழுதினர். பசிபிக்கில் போரின் முதல் நாளிலிருந்தே அமெரிக்க நீர்மூழ்கிகளும் எச்சரிக்கையின்றித் தாக்கின என்று அமெரிக்க அட்மிரல் நிமிட்ஸே எழுத்து மூலம் சாட்சியமளித்திருந்தார்.

அந்நெறிமுறை இன்றுவரை நீக்கப்படவில்லை. காலவரையறை இன்றி எழுதப்பட்டமையால் சட்டப் புத்தகத்தில் அது உயிரோடிருக்கிறது. 2014இல் ஒரு சீன நீர்மூழ்கி கொழும்புத் துறைமுகத்துக்கு வந்து, இந்தியாவின் கவலைக்குக் காரணமாயிற்று. 2022 ஜனவரியில் திருகோணமலைத் தாங்கிகளுள் எஞ்சிய தொண்ணூற்றொன்பதும் மூன்றாகப் பங்கிடப்பட்டன: இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்குப் பதினான்கு, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு இருபத்துநான்கு, இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு அறுபத்தொன்று. 1942 ஏப்ரலில் எரிந்த தாங்கியின் உருகி மடிந்த இரும்பு அப்பங்கீட்டிற் சேரவில்லை. காடு அதன் மேல் வளர்ந்திருக்கிறது.